ஊராருக்கு விசுவாசம் எழுதிய கதை

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாராவது உங்களைப் புகழ்ந்தால் ஓடிவிடுங்கள். நான் ஓடாததால்தான், பதினாறு வயதில் ஊராருக்கு விசுவாசம் எழுதித் தருகிற வேலை வந்து தலையில் விழுந்தது. பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளில் ஞானஸ்நானம் கேட்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரும், தான் ஏன் கிறிஸ்துவை நம்புகிறேன் என்று சொந்த வார்த்தையில் ஒரு தாள் கொண்டுவர வேண்டும். இது எங்கள் பாகூர்ப் பக்கத்து வெள்ளைக்காரச் சாமியார் போட்ட சட்டம். கேட்கிறவர்களோ கரும்பு வெட்டுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவருமில்லை. சாமியாருக்கு உதவியாக வேதம் சொல்லித்தருகிற உபதேசியார் என்னைப் பிடித்துக் கோவில் வாசலில் உட்கார வைத்துவிட்டார்.

பிறருக்காக எழுதிக் கை ஓய்ந்தவர்களே, கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போதே தரமாட்டேன். நான் பட்டதில் கொஞ்சம் நீங்களும் படுங்கள்.

மாட்டின் பங்கு

முதலில் வந்த மாணிக்கத்தின் மாடு ஒருநாள் வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். விடிந்ததும் மாடு எழுந்து வைக்கோல் தின்றது. அதன் கொம்பு, அதன் சுழி, அதன் தாய் என்று வெயில் சாயும்வரை சொன்னார். எழுதினேன்.

உபதேசியார் பார்த்துவிட்டு, “ஞானஸ்நானம் மாட்டுக்காடா? அடி எல்லாத்தையும்” என்றார். அடித்தேன். மிஞ்சியது ‘நான் நம்புகிறேன், ஆமென்’ மட்டும். படித்துக் காட்டியதும் மாணிக்கத்துக்கு முகம் செத்துவிட்டது.

“மாட்ட எடுத்துட்டா அதுல நான் எங்கடா இருக்கேன்?”

யாருடைய விசுவாசம்

ஆறுமுகம் தன் மனைவி செங்கேணியோடு வந்தார். நான் அவரைக் கேட்பேன், செங்கேணி பதில் சொல்லும். “அவுரு எத நம்புறாருன்னு எனக்குத் தெரியாதா? நீ எழுது!” சொன்னதை மாற்றி, மாற்றியதை மறந்து, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தாளும் கெட்டபோது எனக்கு அழுகை வந்தது. “அண்ணே, ஒரு வார்த்தையாவது நீங்க சொல்லுங்களேன்” என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார் மனிதர்.

“விசுவாசம் என்னுதுதான்பா. அதுல இன்னா இன்னா இருக்குதுன்னு அவளக் கேட்டுக்கோ.”

(சிரிப்பு இதுவல்ல. பொறுங்கள்.)

கன்னியம்மாவின் ஒரு பக்கம்

கன்னியம்மாவைப் போன வருஷமே சாமியார் திருப்பி அனுப்பிவிட்டார்; அவர் முன்னால் கன்னியம்மா வாயே திறக்கவில்லை. கன்னியம்மாவின் பெண்குழந்தை காய்ச்சலில் போனபோது, உயிர் பிரிகிற நேரத்தில் உபதேசியார் மனைவி ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியதால், குழந்தைக்குக் கோவில் கல்லறையில் இடம் கிடைத்தது. தாய்க்கு அங்கே இடமில்லை, ஞானஸ்நானம் வாங்கினால் ஒழிய.

“எம்மவ அங்க கெடக்குது. நானும் அங்கதான் போவணும். எழுது.”

“சாமியப் பத்தி ஒண்ணும் இல்லியாக்கா?”

“இப்ப அவள யாரு பாத்துக்கறது? அவருதான? நான் நம்பாதவங்ககிட்டயா புள்ளய வுட்டுட்டு வந்து நாத்து நட்டுட்டிருக்கேன்?”

இது போதுமா? திரியேகம், மோட்சம், நரகம், உலகப் பற்றுகளைத் துறத்தல் என்று ஒரு பக்கம் நிரப்பினேன். விரல் மரத்துப்போனது. தாளைத் தூக்கிப் பார்த்தது கன்னியம்மா.

“இம்மாம் நானாடா சொன்னேன்?”

திரை

அதற்குள் சாமியாருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. தாளைப் படிக்க முடியாது, எதிரே நிற்பவர் வாய் அசைகிறதா என்றும் தெரியாது. நான் படித்தால் கேட்கவும் மாட்டார். “அவனவன் தன் வாயால் அறிக்கையிடக்கடவான்!” என்றார். மனப்பாடம் செய்யச் சொன்னால் மாணிக்கம் கட்டுத்தறியில் கட்டிய மாடு மாதிரி விழித்தார். உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அங்கேதான் என் இன்னொரு கைவரிசை பயன்பட்டது. மேரி என்கிற பிரெஞ்சு ஊராட்சி ஆபீஸ் குமாஸ்தாவின் மூக்குக் குரல், உபதேசியாரின் இருமல், எதுவானாலும் என் தொண்டையில் வரும். பீடத்துப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நான். முன்னால் அவர்கள் சும்மா நின்றால் போதும். மாணிக்கமாகப் பேசினேன், மாட்டையும் சேர்த்துக்கொண்டேன், தேறினார். ஆறுமுகமாகப் பேசினேன், நடுவில் செங்கேணி குரல் எட்டிப் பார்த்தும் தேறினார். கடைசியில் கன்னியம்மாவின் கரகரத்த குரலை எடுத்தேன்.

“...நரகத்துக்கு அஞ்சி, உலகப் பற்றையும், பெற்ற பிள்ளைப் பாசத்தையும் துறந்து...”

“யாரு துறந்தது?” என்றது முன்னால் அதே குரல். “நான் துறக்கல சாமி!”

“துறந்தேன் சாமி” என்றேன், பதற்றத்தில், அதே குரலில்.

“அடப்பாவி! எம்மவள அவர நம்பித்தான் வுட்டிருக்கேன் சாமி. அவருகிட்ட நானும் போவணும். அவ்ளோதான். வேற ஒண்ணும் நான் சொல்லல!”

சாமியார் முகம் கன்னியம்மா பக்கம் திரும்பியது, திரைப் பக்கம் திரும்பியது. உபதேசியார் பயத்தில் இருமினார். பழக்கதோஷம், திரைக்குப் பின்னாலும் அதே இருமல் வந்தது.

“முன்னே நிற்கிற கன்னியம்மாளுக்குப் பாஸ்குவில் ஞானஸ்நானம் உண்டு” என்றார் சாமியார். “பின்னே நிற்கிற கன்னியம்மாள் வெளியே வரக்கடவாள்.”

விசுவாசம் எழுதுகிற தொழிலில் இப்போது நான் இல்லை. வாரா வாரம் அந்தத் திரையைத் துவைக்கிற தொழிலில் இருக்கிறேன்.