கோடி கொண்டுபோன லாரி

அக்கா இறந்த செய்தி காலையில் வந்தது. மச்சான்தான் போன் செய்தார். சாயங்காலம் எடுக்கிறோம், வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் வீடு திண்டுக்கல் டவுனில். அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு ஊரில். கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை போக வேண்டும். கோடி என்போம். கூடப்பிறந்தவன் கையால் அதை அவள் மேல் போட்ட பிறகுதான் தூக்குவது முறை. அதே சமயம் பொழுது சாய்வதற்குள் எடுத்தும் ஆக வேண்டும். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

தைப்பூச நேரம். வாடகைக்கு ஒரு வேன் கூடக் கிடைக்கவில்லை, எல்லாம் பழனிக்குப் போயிருந்தது. “எதுக்கு வேனு? நம்ம வண்டி என்ன செத்தா போச்சு?” என்று கத்தினேன். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னுடையது பழைய டீசல் லாரி, சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிற வண்டி. கூடையையெல்லாம் இறக்கிவிட்டுத் தார்ப்பாய் விரித்தோம். சொந்தக்காரர்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். சின்னாளபட்டிச் சேலையும் மஞ்சளும் பூவும் வைத்த தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் சித்தப்பா.

ரோட்டோரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. ரெண்டு தரம் குலுங்கியது, அப்புறம் அணைந்துவிட்டது. பழைய டேங்க், அடியில் துரு. டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

புது ஃபில்டர் சீட்டுக்கடியில் இருந்தது. போல்ட்டைக் கழற்றி, ஃபில்டர் உட்கார்ந்திருக்கிற கிண்ணத்தை இறக்கினேன். உள்ளே கறுப்பாகக் கசடு. வழித்துக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து, புது ஃபில்டரையும் புது ரப்பர் வளையத்தையும் வைத்து முடுக்கினேன். இதோடு முடிகிற வேலை இல்லை. டீசல் போகிற வழியில் காற்று இருந்தால் இன்ஜின் பிடிக்காது. மேலே உள்ள திருகை இளக்கிவிட்டு, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று வெறும் டீசலாக வழிந்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம்.

அடித்தேன். நுரை வந்தது. இன்னும் அடித்தேன், இன்னும் நுரை. சித்தப்பா வாங்கி அடித்தார், அப்போதும் நுரைதான். சாவியைத் திருகிப் பார்த்தால் இன்ஜின் வெறுமனே சுற்றியது. பேட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏலே, நீ மட்டும் கோடியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போயிருப்பா. நாங்க பின்னாடி வாரோம்” என்றார் சித்தப்பா.

ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். கண்டக்டர் தாம்பாளத்தைப் பார்த்தார். உள்ளே எல்லாரும் மாலை போட்டவர்கள். “கேதத்துக்குப் போற கோடியாண்ணே? சாமிமாருங்க விரதத்துல இருக்காங்க. தப்பா நெனைக்காதீங்க” என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். பஸ் போன பிறகு, நானும் மாலை போட்டிருந்தால் அப்படித்தானே ஒதுங்கியிருப்பேன் என்று தோன்றியது. அதனால் கோபம் தணிந்துவிடவில்லை.

மச்சான் ஊர்க்காரர் யாரோ போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். போனை மனைவி கையில் கொடுத்துவிட்டேன். டயரை ஓங்கி உதைத்தேன். “அவளுக்கு ஒரு சேலை போடக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையா?” என்று கேட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். காலையிலிருந்து வராத அழுகை. யாரும் கிட்டே வரவில்லை. வராமல் இருந்ததே நல்லது.

அழுது முடித்ததும் கை தானாகவே மறுபடி அந்தப் போல்ட்டுக்குப் போனது. கிண்ணத்தை இறக்கி, அது போய் உட்கார்கிற பள்ளத்தை விரலால் தடவினேன். பழைய வளையம் அங்கேயே இருந்தது. கறுத்து, சப்பையாகி, இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலேயே புது வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறேன். ரெண்டு வளையத்துக்கும் நடுவில் காற்று இழுத்திருக்கிறது. எத்தனையோ தரம் ஃபில்டர் மாற்றியவன், அன்றைக்குப் பார்த்து இப்படி. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து எறிந்தேன். மறுபடி மாட்டிப் பம்பை அடித்தேன். கொஞ்ச நேரம் நுரைத்தது, அப்புறம் டீசல் தெளிவாக வழிந்தது. வண்டி இருமிக்கொண்டே பிடித்தது. பின்னால் இருந்தவர்கள் “முருகா” என்றார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் முழுக்க இறங்கிவிட்டது. பந்தலில் பாடை கட்டித் தயாராக இருந்தது. அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் சட்டை முழுக்க டீசல்.

மச்சான் காலில் விழப் போனேன். “வழியில வண்டி நின்னுபோச்சு மச்சான். ஃபில்டர் அடைச்சுக்கிருச்சு. ஊர்க்காரவுகள இம்புட்டு நேரம் காக்க வச்சுட்டேன்.”

அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

“அது தெரியுமுங்க மாப்ள. ஆஸ்பத்திரியிலயே உங்கக்கா எங்கிட்டச் சொல்லிப்போட்டா. ‘எந்தம்பி அந்த ஓட்ட வண்டியிலதான் வருவான். அது எங்கியாச்சும் நின்னு போகும். அவன் சரி பண்ணீட்டு வர்ற வரைக்கும் என்னைத் தூக்கிப்போடாதீங்க’ன்னா.”

கை கழுவக்கூடத் தோன்றவில்லை. மனைவியிடமிருந்து சேலையை வாங்கி, பிரித்து, அக்கா மேல் போட்டேன்.