பிடியரிசி ஜாடி

இங்கே சோறு கொதிக்கும்போது ஊர் மறைந்துவிடுகிறது. சமையலறை ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, எதிர்வீட்டுச் செங்கல் சுவரும், அதற்குப் பின்னால் வயிறு பெருத்து நிற்கும் பழைய சூளையும், எப்போது பார்த்தாலும் ஈரமாகவே இருக்கும் தெருவும் ஒவ்வொன்றாக வெளுத்துப் போகும். நம் பக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைப்போம். ஆவிக்கும் ஒரு போக்கிடம் உண்டு. இங்கே குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சமைப்பதால், அது போக வழி தெரியாமல் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடுகு தாளித்தாலோ கூரையில் இருக்கும் ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். தாளிப்பு இல்லாத நாட்களில்தான் எனக்கு நிம்மதி. அடுப்பின் முன்னால் நின்று அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அது விருத்தாசலம் ஆகிவிடும். பீங்கான் மண் படிந்த சட்டையோடு அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். "என்னங்க, சோறு குழையுது" என்று ஸ்டெல்லா வந்து தோளைத் தொடும்வரை நான் இங்கே இருப்பதில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டோக் என்ற ஊரில். ஸ்டெல்லா முதியோர் இல்லத்தில் கேர் வேலைக்காக வந்தாள். நான் அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். ஸ்டோக்கும் பீங்கான் ஊர்தான் என்று கேள்விப்பட்டபோது என்னைவிட அப்பாவுக்குத்தான் சந்தோஷம். "அப்ப நம்ம ஊருக்குத்தான் போறன்னு சொல்லு" என்றார். இங்கே பல சூளைகள் ஆறிப்போய்விட்டன என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் நல்லவர்கள். எல்லோரும் எல்லோரையும் 'டக்' என்று கூப்பிடுகிறார்கள். வாத்து! முதல் வாரம் எனக்குக் கோபம் வந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் என்ன குறை வைத்தோம் என்று தோன்றுகிறது.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டில் டீ கொடுத்தாலும், குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்ப்போம். எங்கே செய்த சரக்கு, மேல்பூச்சு ஒழுங்காக ஓடியிருக்கிறதா என்று ஒரு நோட்டம். பிறகு விளிம்பை நகத்தால் சுண்டுவோம். 'ணங்' என்றால் நல்ல வேக்காடு. 'டொக்' என்றால் உள்ளே எங்கோ கீறல். சேத்தியாத்தோப்புக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே நான் இந்த வேலையைச் செய்துவிட்டேன். ஸ்டெல்லாவின் அம்மா பதறிப்போய், "டீ பத்தலைங்களா தம்பி?" என்று இன்னொரு கோப்பை கொண்டுவந்து வைத்தார்கள். மரியாதைக்காக அதையும் குடித்தேன். வயல்காட்டுக் குடும்பத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஸ்டெல்லா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

வரும்போது ஊரிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி. அப்பா வேலை செய்த சூளையில் வெந்தது. பூச்சில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு மூன்று ஓட்டைகள் விழுந்ததால் விற்பனைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் பிடியரிசிக்கு வைத்துக்கொண்டார். எங்கள் சபையில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட வேண்டும். போடும்போது "ஸ்தோத்திரம்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் கொட்டுவார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்கு அது போகும். இங்கே சமையல் என் பொறுப்பு என்பதால் பிடி எடுப்பதும் என் கைக்கு வந்தது. பொன்னி கிடைத்த வாரம் பொன்னி, கிடைக்காத வாரம் பாசுமதி, பாகிஸ்தான்காரர் கடையில் வாங்கிய புழுங்கல் என்று ஜாடிக்குள் எல்லாம் சேர்ந்து கிடந்தன.

அந்தக் கலப்படத்தின் ருசி எனக்குத் தெரியும். நான் ஏழாவது படிக்கும்போது ஆர்டர் இல்லாமல் சூளை நின்றுபோனது. அப்பா தினமும் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி வாசல்வரை போய்விட்டு வருவார். கிழமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வீடு ஏதோ தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் சத்தமில்லாமல் இருந்தது. ஒரு சாயங்காலம் எங்கள் சபை உபதேசியார் சைக்கிள் கேரியரில் ஒரு பையை வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே பிடியரிசி. அம்மா வாங்கிக்கொண்டார், அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரிலுள்ள அத்தனை வீட்டு அரிசியும் அதில் இருந்ததால், வேகவைத்தால் ஒரு பக்கம் குழைந்துபோகும், ஒரு பக்கம் நறுக்கென்று நிற்கும். தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இது கைநீட்டி வாங்கிய சோறு என்று. எனக்கு அது தொண்டையில் இறங்க மறுத்தது.

ஆனால் நான் மறக்காதது வேறு. அந்தப் பையைப் பிரித்ததும் அம்மா முதல் வேலையாக ஒரு பிடியை அள்ளி ஜாடிக்குள் போட்டார்.

"அவங்க குடுத்ததையே அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கிறியா?" என்றார் அப்பா, எரிச்சலோடு.

"ஏன், நமக்கும் கீழ ஒரு வூடு இல்லாமலா போயிடும்?" என்றார் அம்மா. பிறகு ஒருநாள் சூளை மறுபடி எரிந்தது. ஜாடி அதே இடத்தில் இருந்தது.

இந்தக் கோடையின் கடைசியில் ஸ்டெல்லாவின் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு வைக்கும் லைசென்ஸ் போய்விட்டது. கம்பெனி செய்த தப்புக்குத் தண்டனை வேலையாட்களுக்கு. கொடுத்த கெடுவுக்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அவள் போனால் நானும் போக வேண்டும். எங்கள் வீட்டு மாடியறையில் டெண்டாய் என்ற ஜிம்பாப்வே பெண் இருக்கிறாள். ஸ்டெல்லாவோடு அதே இல்லத்தில் வேலை பார்த்தவள். அவளுக்கும் இதே கதி. ஸ்டெல்லா ஓர் இடத்தில் இன்டர்வியூ முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். காத்திருக்கும்போதே பெட்டியையும் திறந்து வைத்துவிட்டாள். உடையக்கூடியது என்று முதலில் ஜாடியை அரிசியோடே என் பழைய கைலியில் சுற்றி, துணிகளுக்கு நடுவே அமுக்கி வைத்தாள்.

"பிடி எடுக்கணுமே" என்றேன்.

"நாமளே பிடி வாங்குற நெலமையில நிக்கிறோம். இதுல யாருக்குங்க குடுக்கப் போறீங்க?" என்றாள்.

அன்றிலிருந்து முழு அரிசியும் உலைக்கே போனது. கண்ணாடியில் ஆவி படியும், நான் பார்ப்பேன், அதில் எந்த ஊரும் வராது.

எங்கள் தெருமுனைக் கோயிலில் ஹார்வெஸ்ட் பண்டிகை வந்தது. நம் ஊரில் அறுப்பின் பண்டிகை என்றால் பூசணிக்காயும் வாழைத்தாரும் காலைக் கட்டிய சேவலும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்கும். ஆராதனை நடுவில் சேவல் கூவும். பாதிரியார் ஐயர் அதற்கும் சேர்த்து ஆமென் சொல்வார். இங்கே பீடத்தைச் சுற்றி டின்கள். அவரை டின், சூப் டின், மீன் டின். இல்லாதவர்களுக்குக் கொடுக்க ஆளுக்கு ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஸ்டெல்லா உடம்பு சரியில்லை என்று வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். நான் பெட்டியிலிருந்து ஜாடியை எடுத்துக்கொண்டு போனேன். அதிலிருந்தது பிடி எடுத்தபோதே கொடுத்தாகிவிட்ட அரிசி. அதை ஊருக்குத் திரும்பக் கொண்டுபோக எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

ஆராதனை முடிந்ததும் ஃபுட் பேங்க் மேசையில் இருந்த ஜூலி என்ற அம்மாள் ஜாடியைத் திறந்து பார்த்தார். "அழகா இருக்கு டக்" என்றார். அப்புறம் முகம் வாடியது. திறந்த பொருளை வாங்கக் கூடாதாம். ஒட்டிய பாக்கெட் வேண்டும், மேலே தேதி வேண்டும். இது எப்போது வாங்கியது என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது என்றேன். ஒவ்வொரு நாளும் சமைக்கும் அரிசியிலிருந்து கொஞ்சம் எடுத்து மிச்சம் பிடித்தது என்று என் இங்கிலீஷில் விளக்கினேன். ஜூலியின் கண்கள் கலங்கின. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. "உட்காரு" என்று சொல்லி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார்.

நல்ல மெல்லிய வெள்ளைக் கோப்பை. குடித்து முடித்ததும் என் கை என்னைக் கேட்காமலே வியாதியைக் காட்டிவிட்டது. கவிழ்த்து அடியைப் பார்த்தேன். ஸ்டோக் முத்திரை இருந்தது. நகத்தால் சுண்டினேன். அந்த ஹால் முழுக்க ணங்கென்று கேட்டது. அந்தச் சத்தத்தில் நான் ஒரு நிமிடம் சூளைக் கொட்டகைக்கே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், ஜூலி மறுபடி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். என் காலடியில் ஒரு பை இருந்தது. நிறைய டின்கள், ரொட்டி, பாக்கெட் அரிசி.

"நான் கொடுக்க வந்தேன்" என்றேன்.

"தெரியும் டக்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உதவி கேட்பது எல்லோருக்கும் கஷ்டம்தான்."

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மாள் புரிந்துகொண்டது தப்புதான். ஆனால் அதில் பொய் எதுவும் இல்லையே. ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஜாடி. தூறலில் வீட்டுக்கு நடந்தேன். கூரைகளுக்கு மேலே சூளைகள் மேகத்துக்குள் பாதி நின்றன. சைக்கிள் கேரியரில் பையை வைத்துக்கொண்டு யாரோ எனக்கு முன்னால் போவதுபோலவே இருந்தது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கோப்பையைச் சுண்டிய இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "இங்கயும் டீ பத்தலைன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த அரிசிப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். ஒரு பிடி அள்ளினாள். ஜாடிக்குள் போட்டாள். என் அம்மா செய்ததை நான் அவளிடம் என்றைக்கோ ஒருநாள் சொன்னதுண்டு. அவள் அதைக் காதில் வாங்கினாள் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். வேலை போனதை அதுவரை ஊரில் சொல்லவில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸ்தோத்திரம்னு சொல்லுடா" என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "எதுக்கும்மா ஸ்தோத்திரம்? வேல போனதுக்கா?"

"இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சோறு இருக்குது இல்ல? அதுக்கு." பிறகு அம்மா கேட்டார், "அரிசிய ஏன் வேணாம்னாங்க?"

"அதுல தேதி இல்லைன்னுதான்ம்மா."

"பொங்கி எறக்கிட்டா யாரு தேதி கேக்கப் போறாங்க? பசியா இருக்கிறவங்களக் கூப்ட்டு எலையப் போடு."

யாரைக் கூப்பிடுவது என்று நான் கேட்கவில்லை. மாடியறையில் இரண்டு நாளாக அடுப்புச் சத்தம் இல்லாதது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஜாடியை அப்படியே உலையில் கவிழ்த்தேன். ஜூலி கொடுத்த அவரை டின்னில் குழம்பு. ஸ்டெல்லா மேலே போய் டெண்டாயைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஜன்னல் வெளுத்தது, தெரு போனது. டெண்டாயும் எங்களைப்போலவே கையால்தான் சாப்பிட்டாள். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். ஒரு பக்கம் குழைந்து, ஒரு பக்கம் நறுக்கென்று நின்ற அதே சோறு. இந்தமுறை அது தொண்டையில் நிற்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் காலி ஜாடியைக் காட்டி இது என்னவென்று கேட்டாள். ஸ்டெல்லா சொல்லச் சொல்ல, அவள் ஜாடியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

காலையில் உலை வைக்க வந்தேன். கழுவிக் கவிழ்த்திருந்த ஜாடி நிமிர்ந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால், அடியில் ஒரு பிடி வெள்ளை மாவு. ஊருக்குப் போக நேர்ந்தால் வழிக்கு வேண்டும் என்று தொடாமல் முடிந்து வைத்திருப்பதாக டெண்டாய் ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்த மக்காச்சோள மாவு. அதன்மேல் என் பிடி அரிசியைப் போட்டேன்.

இதை எழுதும்வரை ஸ்டெல்லாவுக்குப் பதில் வரவில்லை. டெண்டாயும் ஓரிடத்தில் கேட்டிருந்தாள், அவளுக்கும் வரவில்லை. வந்தால் இருப்போம், வராவிட்டால் போவோம். பெட்டி படுக்கையறை மூலையில் இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. ஸ்டெல்லா அதை மூடவும் இல்லை, துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கவும் இல்லை. ஜாடி ஜன்னலோரம் ஆவிக்குள் நிற்கிறது. பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே, அது இருந்த இடம் மட்டும் வட்டமாகக் குழிந்திருக்கிறது.