சபராலி பிடித்துவைத்த எண்

சபராலி கிர்கிஸ் நாட்டு அட்பாஷி மலைப்பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். பனிச்சரிவு பாதையை அடைத்துக்கொண்டால் வண்டிக்குள்ளேயே கிடக்கணும். மற்றவர்கள் தூங்குவார்கள். இவன் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எண் எழுதி எழுதித் துடைப்பான். அப்படி ஒரு குளிர்காலம் முழுக்கத் துடைத்துப் பிடித்ததுதான் 381654729. பெண்டாட்டி ரைக்கானுக்கு அந்த எண்மேல் சக்களத்திக் கோபம்.

அண்ணன் மகனுக்குப் பெண் எடுத்தார்கள். பெண் வீட்டார் சம்பந்திகளைச் சும்மா விட மாட்டார்கள். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் பாவாடை கட்டி, முக்காடு போட்டு, எருதுமேல் வாலைப் பார்க்க உட்காரவைத்து ஊர்வலம். போன வருஷம் வேறொரு கல்யாணத்தில் கூட்டாளி ஒருத்தன் அப்படிப் போனான். அந்தப் படம் வண்டிக்கொட்டகையில் எல்லார் போனிலும் இன்னும் சிரிக்கிறது. தனக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று சபராலி கங்கணம் கட்டிக்கொண்டுதான் வந்தான்.

பெண்ணின் மாமன் கச்கின், சந்தையில் ஆடு விற்கிறவன், ஆரம்பித்தான்.

"எங்க வீட்டுல யாருக்கும் தெரியாத சங்கதி ஒண்ணு சொல்லுங்க சம்பந்தி. இல்லேன்னா எருது வாசல்லதான் நிக்குது."

சபராலி மாவு பிசையும் பலகையை இழுத்தான். அதில் கிடந்த மாவில் தன் எண்ணை எழுதினான்.

"ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும், ஒவ்வொண்ணும் ஒரே தரம். ஒன்பது இலக்கம். ஒன்பதால வகுங்க."

கச்கின் போனில் தட்டினான். "மிச்சமில்ல. அதுக்கென்ன?"

சபராலி கடைசி ஒன்பதைக் கட்டைவிரலால் அழித்தான். "இப்ப எட்டு இலக்கம். எட்டால."

"போகுது."

இரண்டை அழித்தான். "ஏழால."

"ஏழு யாருக்குய்யா அடங்கியிருக்கு?" தட்டிப் பார்த்தவன் வாயைப் பிளந்தான். "அடேய், அடங்கிருச்சுடா!"

ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கி, மூன்று மட்டும் தனியாக நின்றது. கல்யாணக் கூடாரமே கை தட்டியது. சபராலிக்குத் தலை கூரையில் முட்டியது.

"அஞ்சாவது எடத்துல அஞ்சுதான் உக்காரும். ரெட்டை எடமெல்லாம் ரெட்டைப்படைக்கு. எப்படி மாத்திப் போட்டாலும் இத விட்டா வேற எண்ணு தேறாது. ஒத்தப்புள்ள!"

பெண்ணின் அத்தை புருல்சா பாவாடையை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"ஏன் சம்பந்தி, கடைக்கோடிலேருந்தே அழிக்கிறீங்க? எங்க வீட்டுல எதுவும் தலைமாட்டுலேருந்துதான் ஆரம்பிக்கும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். புளித்த குதிரைப்பால் குமிஸ் உள்ளே போயிருந்தது, கைதட்டல் வேறு. "எந்தப் பக்கம் வேணா அழிங்க தாயி!" என்று மறுபடி முழுசாக எழுதிக் கொடுத்தான்.

அவள் முதலில் நின்ற மூன்றை அழித்தாள். சபராலி கடைசியைப் பார்த்தான். ஒன்பது. ஒற்றைப்படை. எட்டால் போகாது. அந்த எண்ணோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தப் பக்கமாக ஒருநாள் பார்த்ததில்லை.

"என்ன சம்பந்தி, வேர்க்குது?"

"பாவாடையக் குடு தாயி," என்று கையைத் தூக்கி நின்றான்.

எருது நகர்ந்தது. போன்கள் எல்லாம் உயர்ந்தன. முக்காட்டுக்குள்ளிருந்து திடீரென்று கத்தினான்.

"கச்கின்! ரெண்டு பக்கமும் போற எண்ணே கெடையாதுய்யா! இந்தப் பக்கம் போறது ஒண்ணே ஒண்ணு. அதுவும் அந்தப் பக்கம் கவுந்துருச்சு. அப்ப உலகத்துலயே இல்ல!"

"அதெப்படிச் சொல்லலாம்?" எருதை இழுத்துப்போன கச்கின் கயிற்றோடு திரும்பினான். "நீங்க எல்லாத்தையும் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தவன்கிட்டயே கேக்குறியா!"

ஊர் ஒரு சுற்று முடிந்துவிட்டது. புருல்சா இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. எருது பாட்டுக்கு இரண்டாவது சுற்று போனது.