மேலிருந்து மூன்றாவது படம்

அப்பா திண்டிவனத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளியிலிருந்துதான் ஓய்வு பெற்றார், எங்களிடமிருந்து பெறவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டால் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார். "மண்டு, மண்டு" என்று அவர் சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். இரண்டாயிரத்து மூன்று வாக்கில், தினமும் பஸ்ஸில் விழுப்புரம் போய்க் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்த எனக்காக வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. முதல்முறையாக அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

அவருக்கும் அது தேவைப்பட்டது. ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் பணம் என்று எதற்கு மனு எழுதவும் காலனி ஜனங்கள் அவரிடம்தான் வருவார்கள். சார் எழுதினால் தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று பேச்சு. இனி மனுக்களை டைப் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"சொல்லு, எழுதிக்கிறேன்" என்று நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்தார். டைப் அடிக்கும் புரோகிராமைத் திறக்க, 'திரையில் மேலிருந்து மூன்றாவது படத்தை இரண்டு முறை தட்டவும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். படத்துக்குக் கீழே பெயர் இருக்கிறதே என்றேன். காதில் வாங்கவில்லை. பள்ளி பீரோவில் எந்தப் பதிவேடு எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பழகியவர். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்பினார்.

மறுநாள் அந்தப் படத்தை ஐந்தாவது இடத்துக்கு நகர்த்தினேன். அவர் மூன்றாவதைத் தட்ட, சீட்டு விளையாட்டு திறந்தது.

"நேத்து இங்கதானே இருந்துச்சு?"

"வச்ச எடத்துலதாம்பா இருக்குது. நீங்கதான் தப்பா எழுதிக்கினீங்க."

அடித்துத் திருத்தினார். அடுத்த நாள் இரண்டாவது இடத்துக்கு மாற்றினேன். இரண்டு வாரத்தில் அந்த நோட்டில் அடித்தல் மேல் அடித்தல். தலைமையாசிரியர் நோட்டில் அடித்தல்! நானும் தங்கையும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "மண்டு" என்று அவள் காதில் சொன்னேன்.

பிறகு அவர் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு காலை, புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா விதவைப் பணத்துக்கு மனு எழுத வந்தாள். அப்பா பேனாவைத் தொடவில்லை.

"வேற யார்கிட்டயாச்சும் போம்மா. எங்கப்பாவுக்கு வந்த வியாதி எனக்கும் வந்துடுச்சு. நேத்து எழுதினது இன்னிக்கு மாறிப் போவுது. உன் மனுவுல தப்பு பண்ணிட்டா நீ பேஜாராயிடுவே."

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சொந்தத் தெருவிலேயே நின்று வீட்டுக்கு வழி கேட்டவர். அது எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. பயத்தால் அல்ல, ஜெயித்ததை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அப்பா யாருக்கும் மனு எழுதவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிப்பதையும் நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமாகி விழுப்புரத்தில் குடியேறிப் பல வருஷம் கழித்து, ஒரு கல்லறைத் திருநாளுக்கு வந்திருந்தேன். தாத்தா கல்லறைக்குப் போகும் வழியில், வரிசையாக எது யாருடையது, என்ன உறவு என்று தடுமாறாமல் சொல்லிக்கொண்டே வந்தார் அப்பா. எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் படத்தையெல்லாம் நான்தாம்பா மாத்தி மாத்தி வச்சேன். உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லப்பா."

அவர் என் தலையைத் தடவினார். "என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றே. அந்த மாதிரி கெட்ட புத்தி உனக்கு ஏதும்மா?"

தாத்தா கல்லறையில் கையை வைத்துச் சத்தியம் செய்தேன்.

"செத்தவங்க மேல பொய்ச் சத்தியம் பண்ணாத!" என்று அதட்டினார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார்.

"வெளிய போற கேட்டு எந்தப் பக்கம்னு பார்த்து, கையப் புடிச்சிக்கினு கூட்டிக்கினு போ."