தெற்கே போய் வந்த வண்டி

தீயணைப்பு வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. வெளியூருக்கு உதவிக்குப் போகிற வண்டியைக் கிளம்பும் முன்பும் பார்க்க வேண்டும், திரும்பிய பின்பும் பார்க்க வேண்டும்.

அந்த வருட மழையில் தெற்கே ஊர் ஊராக வெள்ளம் புகுந்தது. எங்கள் வண்டி ஒன்றையும் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அதன் டிரைவர் என் நண்பன். ஆவடியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அயனம்பாக்கத்தில் அவன் வீடு, திருமுல்லைவாயிலில் நான். டயர், ஸ்டியரிங், பிரேக், பம்ப் என்று நான் பார்த்து முடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே நின்றான்.

“இன்னா மாமே, எல்லாம் கரீட்டா கீதா?”

“கீது. நீ பத்திரமா போய்ட்டு வா.”

“வரும்போது அல்வா வாங்கியாறேன்” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தான்.

அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் அடித்தளத்திலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கீழே இருந்தார்கள். அவன் மட்டும் தெருவில், வண்டிக்குப் பின்னால் நின்று பம்பைக் கவனித்துக்கொண்டிருந்தான். நாள்கணக்கில் ஊறிய மண்டபத்து மதில் அவன் மேல் சரிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஏறி வந்தவர்கள் கையாலேயே செங்கல்லை அள்ளினார்கள். பயனில்லை.

முதலில் அவன் உடல் வந்தது. அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து வேறொருவர் ஓட்டிவர, வண்டி வந்தது. அதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டிருந்தது. ஹேண்ட் பிரேக் நழுவி, வண்டி பின்னால் உருண்டு மதிலை இடித்ததாம். செங்கல் வண்டியின் பின்சக்கரம்வரை கிடந்ததைப் பார்த்த யாரோ சொன்னது.

கதவைத் திறந்தேன். அவன் நெடிய ஆள். சீட்டை எப்போதும் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பான். யாரோ அதை முன்னுக்கு இழுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என்னால் ஏற முடியவில்லை. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பிரேக் கெட்டிருந்தால் குற்றம் என் கையில். நன்றாக இருந்தால், அவன் அதைப் போட மறந்தான் என்று ஊர் சொல்லும். இரண்டில் எதை வேண்டுவது என்று தெரியாமல் வேலையைத் தொடங்கினேன். வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பணிமனைச் சரிவில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்தேன். அவ்வளவு பாரத்தோடும் வண்டி அசையாமல் நின்றது.

பிறகு பின்பக்கம் போய்ச் சேற்றைக் கழுவினேன். பம்பரை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு நசுங்கல் இல்லை, கீறல்கூட இல்லை. வண்டி அந்த மதிலைத் தொடவே இல்லை.

மறுநாள் அவன் மனைவி தன் தம்பியோடு வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“அண்ணா, வண்டில இன்னா கோளாறு? எங்கிட்ட மறைக்காதீங்க.”

“கோளாறு இல்லம்மா. பிரேக் நல்லாத்தான் கீது.”

“அப்போ அவரு போடலயா?”

“போட்டுத்தான் இருந்தான். வண்டி நகரவே இல்ல. வா, நீயே பாரு.”

பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினேன். அவள் குனிந்து பம்பர் நெடுகப் பார்த்தாள். தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அவரு மேலயும் தப்பு இல்ல, வண்டி மேலயும் தப்பு இல்ல” என்றாள் மெதுவாக. “அப்போ நான் யாரத் திட்றதுண்ணா?”

அவள் வண்டியின் பக்கவாட்டில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சத்தமாக அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை.

அடுத்த மழைக்கு அதே வண்டி வடக்கே ஒரு ஊருக்குப் போனது. புதிய டிரைவர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். “எல்லாம் சரியா இருக்கா சார்?” என்று கேட்டார். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். தலையை மட்டும் ஆட்டினேன். வண்டி வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போனது. நான் குழாயடிக்குப் போய், கையிலிருந்த கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டே நின்றேன்.