‘தடுப்பு’ என்று சொன்னேன்

போன கிழமை பெறாமகள் கிளினிக்கால் வந்தாள். வயிற்றில் ஏழு மாதம். வலது கையால் இடது கையைப் பொத்திக்கொண்டு, “கை உளையுது சின்னம்மா, ஊசி போட்டவை” என்று சிணுங்கினாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவள் பயந்துபோனாள். பின்னே? ஊசி போட்டது அவளுக்கு, அழுவது நான்!

அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். மூதூர்ப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மிட்வைஃப் மிஸ்ஸியால் எல்லா ஊருக்கும் போக ஏலாது. “ரீச்சர், பிள்ளைத்தாச்சிகளின்ர பேரை மட்டும் பதிஞ்சு தாங்கோ. சனிக்கிழமை வந்து ஏற்பூசி போட்டுவிடுறன்” என்றார். பாதை பூட்டினால் பிரசவம் வீட்டில்தான். கையில் கிடைத்த பிளேட்டால் தொப்புள்கொடி வெட்டுவார்கள். தாய் முன்னரே ஊசி போட்டிருந்தால் பிள்ளைக்கும் ஏற்பு, அதுதான் ரெட்டனஸ், வராது. அவ்வளவுதான் விஷயம்.

கொப்பியும் பேனையுமாகக் கிளம்பினேன். பெரிய உத்தியோகத்தர் என்று நினைப்பு! அதோடு எனக்கு நல்ல தமிழ்ப் பைத்தியம் வேறு. ஏற்பூசி என்பது நாட்டுப்புறப் பேச்சாம், ‘தடுப்பூசி’தான் சரியாம். அதிலும் அவசரத்துக்கு ‘ஊசி’ என்ற வாலை வெட்டிவிட்டேன்.

பிள்ளைத்தாச்சி மலரின் வீட்டுப் படலையில் நின்று சத்தமாகச் சொன்னேன். “மலர், தடுப்புக்குப் பேர் பதிய வந்தனான். சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ. அடையாள அட்டையும் கொண்டு வாங்கோ.”

இரண்டு கிழமைக்கு முன் ஆமியின் சுற்றிவளைப்பில் அவளுடைய மனுசனைப் பிடித்துப் போயிருந்தார்கள். அதே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி, அடையாள அட்டை பார்த்துத்தான். தடுப்பு முகாமை அங்கே ‘தடுப்பு’ என்றுதான் சொல்வோம்; ‘மலரின்ர மனுசன் தடுப்பில’ என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. நானும்தான் சொன்னேன்... அந்த நேரம் என் புத்தி எங்கே போனது?

“ஓம் ரீச்சர்” என்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. வயிற்றுப் பாரமாக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள், மலர் வரவில்லை. வீடும் பூட்டிக் கிடந்தது. எனக்குச் சரியான கோபம். ‘ஊசிக்குப் பயந்த சனம்!’ என்று அவளுடைய பேரின்மேல் ஒரு கோடு இழுத்தேன். தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. 

தோப்பூருக்கு அங்கால் ஒரு வயல் வாடிக் குடிலில் ஒளித்திருந்தாளாம். பிரசவமும் அங்கேதான். ஏழாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. வாய் இறுகி, உடம்பு வில்லாக வளைந்துவிட்டது. திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக மூதூர் இறங்குதுறைக்கு ஓடி வந்தாள். அன்று லாஞ்ச் ஓடவில்லை. அங்கேயே, அவள் மடியிலேயே பிள்ளை போய்விட்டது.

செத்தவீட்டுக்குப் போனேன். திட்டுவாள், காறித் துப்புவாள் என்றுதான் போனேன். அவள் திட்டவேயில்லை.

“தடுப்புக்கு எண்டீங்கள் ரீச்சர்... அவரைக் கொண்டுபோன இடத்துக்கு என்னையும் கேக்கிறாங்களெண்டு நினைச்சன். வயித்தில பிள்ளையோட எப்பிடி வாறது? பிள்ளையைக் காப்பாத்தத்தான் ஓடினனான்.”

ஊசிக்கு எண்டுதான் சொன்னனான் என்று நான் விக்கினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏற்பூசி எண்டு சொல்லியிருந்தால் நடந்தே வந்திருப்பனே!”

அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. எனக்கும் தெரியும்.