வெள்ளம் வருதா?

வள்ளத்தின் பின்னால் மாட்டியிருக்கும் எஞ்சினின் விலாவிலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? வள்ளத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது, உள்ளே வரும் கடலை எஞ்சின் உறிஞ்சி உறிஞ்சி வெளியே துப்புகிறது என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பதைத் தொட்டவன், அருமனையில் ரப்பர் சாமான் வார்க்கும் பட்டறை வைத்திருப்பவன், வாஷரும் புஷ்ஷும் செய்து எந்திரங்களின் தயவில் சோறு தின்பவன், நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் நம்பினேன். நடுக்கடல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கரையில் காயப்போட்டிருந்த சேலையின் நிறம் அங்கிருந்து தெரிந்தது.

தாரை பலமாக வந்தால் ஓட்டை பெரிதாகிறது என்று வேர்த்தேன். மெலிந்தால் ஓட்டை அடைபடுகிறது என்று ஆசுவாசப்பட்டேன்.

என்னை அந்த வள்ளத்தில் ஏற்றியது ஒரு தையல் மெஷின்.

குளச்சலில் எனக்கு ஒரு கூட்டுக்காரன் உண்டு. பாலிடெக்னிக்கில் பக்கத்துப் பெஞ்சு. வளைகுடாவில் பல வருடம் படகுப் பட்டறைகளில் எஞ்சின் பிரித்துவிட்டுத் திரும்பி வந்தவன், இப்போது ஷெட் போட்டு வள்ளத்து எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்க்கிறான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றே சொல்கிறேன். முந்தின மழைக்காலத்தில் வள்ளத்தின் விளிம்பில் வழுக்கி விழுந்ததில் அவருடைய இடது தோள் கெட்டுப்போனது. கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினால் அதன் நடுக்கம் எலும்பில் போய்க் குத்தும். வலது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது தூண்டில் கயிற்றுக்கு வேண்டும்.

வேறு ஆளை வைத்து ஓட்டினால் என்ன என்று கேட்டவர்களிடம், "எனக்க வள்ளத்துல நான் ஏறி சும்மா இருக்கியதுக்கு, நான் என்ன மறுவீட்டுக்கு வந்த மாப்பிளையா?" என்று கேட்டாராம். முட்டத்திலிருந்து ஒரு ஆள் வந்து வள்ளத்தையும் எஞ்சினையும் பார்த்துப் பிடித்துப்போய், விலைக்குக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்கிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஒரு கை தூண்டிலுக்கு. ஒரு கை லீவு. கால் ரெண்டும் சும்மாதானே இருக்கு?" என்றான் என் கூட்டுக்காரன். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அண்ணனின் மனைவி தன் தையல் மெஷினுக்குப் புதிதாக மோட்டார் மாட்டியிருந்தார். காலால் மிதிக்கிற இரும்புப் பலகை வேலையில்லாமல் வீட்டு முற்றத்தில் கிடந்தது. அதைத் தூக்கிப் போய் வள்ளத்தின் அடித்தட்டில் பொருத்தினான். பலகையின் முன் விளிம்பிலிருந்து ஒரு கயிறு, பின் விளிம்பிலிருந்து ஒரு கயிறு. இரண்டும் கப்பிகள் வழியாகப் பின்னால் ஓடி எஞ்சினின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டன. முன்பாதத்தை அழுத்தினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும், குதிகாலை அழுத்தினால் இடப்பக்கம். வேகத்துக்கு ஒரு பழைய பைக்கின் ஆக்ஸிலேட்டர் வயர். அதை ஒரு முறை வைத்துவிட்டால் வைத்த இடத்தில் நிற்கும்.

"எனக்க மெஷினுக்கு மோட்டார் வந்துது. உங்களுக்க மோட்டாருக்கு எனக்க மெஷின் வந்துது. இனி மீனைப் பிடிச்சு அங்கயே தச்சுக் கொண்டு வாருங்க" என்றார் அவர் மனைவி.

ஒரு குறைதான் இருந்தது. எஞ்சினின் அதிர்வில் கயிறு மாட்டிய ஆணிகள் முறிந்துகொண்டே இருந்தன. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே எதையாவது மெத்தையாக வைக்க வேண்டும். அப்போதுதான் என் ஃபோன் அடித்தது. நான் வார்த்துக் கொடுத்த முதல் ரப்பர் புஷ் களிபோல நசுங்கியது. இரண்டாவது கல்போல நின்று ஆணியைத் தின்றது. ஐந்தாவது ஷெட்டில் தாங்கியது.

"ஷெட்டுல தாங்கினா போதுமா? கடல்ல தாங்கணும். ஞாயிற்றுக்கிழமை காலைல நீயும் வா" என்றான்.

நாங்கள் ரப்பர்காட்டு ஆட்கள். கடல் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும், ஐஸ்கிரீம் தின்றுகொண்டே பார்க்கிற கடல் அது. சனிக்கிழமை சாயங்காலமே மனைவியிடம் கேஸ் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று உருக்கமாகச் சொன்னேன். "அதை அங்க வச்சதே நான்தானே?" என்று அவள் சொல்லிவிட்டதால் உருக்கம் தொடரவில்லை. கடலில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழம் மோந்துபார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான்கு பழத்தை மார்த்தாண்டத்தில் துணி எடுத்த பையில் போட்டுக்கொண்டேன். மஞ்சள் நிறத்தில் வழுவழுவென்று நல்ல பெரிய பை.

காலையில் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள். லைஃப் ஜாக்கெட்டின் வார் என் வயிற்றைச் சுற்றிவர மறுத்தது. கூட்டுக்காரன் இழுத்துக் கட்டினான். "பேடிக்காத மக்கா. நீ முங்க மாட்டே. உன்னைய முக்கணும்னா கடலுக்கே ரெண்டு ஆள் வேணும்."

எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். அண்ணன் காலைப் பலகையில் வைத்து, முன்னால் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். கூட்டுக்காரன் நடுவில் குப்புறப் படுத்து, கயிறும் கப்பியும் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். கனமான ஆள் என்பதால் என்னைக் கடைசியில், எஞ்சினுக்கு அருகில், பின்பக்கம் பார்த்து இருத்தினார்கள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தான். எஞ்சினைக் காட்டி, அதன் இரைச்சலுக்கு மேலே கத்தினான். அவன் சொன்னது இது: "வெள்ளம் நின்னா உடனே சொல்லு!"

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். படகுக்கு வள்ளம். ஒரு கொம்புதான் வித்தியாசம், அந்தக் கொம்பை எஞ்சின் தின்றுவிட்டது. வள்ளம் நின்றால் சொல் என்று என் காதில் விழுந்தது. வள்ளம் நின்றால் இவனுக்கே தெரியாதா, இதற்கு ஓர் ஆளா என்று நினைத்தாலும், பொறுப்பு சின்னதாக இருக்கிறதே என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அப்போதுதான் அந்தத் தாரையைக் கவனித்தேன். அது நிற்கவே இல்லை. நான் ஓட்டையைத் தேட ஆரம்பித்தேன். கால் விரலால் அடித்தட்டைத் தடவினேன். அண்ணனிடம் சொல்லலாம் என்றால், அவர் இத்தனை வருடம் பார்க்காத ஓட்டையா? வெளியே தெரியாமல் பயந்து சாவதுதான் மரியாதை என்று முடிவு செய்து எலுமிச்சம்பழத்தைக் கடித்தேன்.

அண்ணன் வட்டம் அடித்தார். குதிகாலை அழுத்த, எஞ்சின் கழுத்தைத் திருப்புவதுபோல மெல்லத் திரும்பியது. கடல் முழுவதும் ஒரு பக்கமாகச் சுழன்று வந்தது. யாருடைய கையும் கைப்பிடியில் இல்லை. என் பயத்தையும் மீறி வாயைப் பிளந்தேன். பிளந்த வாய் பிறகு வேறு காரியத்துக்குப் பயன்பட்டது. மஞ்சள் பையைத்தான் பிடித்தேன். அதன் பிறகு அந்தப் பை என் கையில் இல்லை. காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று.

மூன்றாவது வட்டத்தில் தாரை மெலிந்தது. சொட்டியது. நின்றது.

எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! ஓட்டை தானாக அடைபட்டுவிட்டது. என் புஷ் தாங்குகிறது, வள்ளம் திரும்புகிறது, வானம் நீலமாக இருக்கிறது. சூடான இரும்பு வாசனைகூட ஏதோ நல்ல சகுனம்போலத்தான் தோன்றியது.

"வெள்ளம் வருதா?" என்று படுத்தபடியே கத்தினான் கூட்டுக்காரன்.

இந்த முறை கொம்பும் சேர்ந்து தெளிவாகக் கேட்டது. ஓ, இவனுக்கும் ஓட்டை விஷயம் தெரியும்! குனிந்து அடித்தட்டைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"ஒரு சொட்டு வரல்ல மக்கா! சுத்தமா நின்னுட்டு!" கையும் தட்டினேன்.

அவன் தலை மட்டும் நிமிர்ந்தது. "எப்பலே நின்னுது?"

"அப்பவே நின்னாச்சு!"

என்னைத் தாண்டிச் சாடி வந்து எஞ்சினின் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். சத்தம் போன இடத்தில் கடல் வந்து உட்கார்ந்தது.

"நின்னா சொல்லுன்னு சொன்னேன்லா?"

"வள்ளம் நின்னாத்தானே சொல்லச் சொன்னே?"

"வள்ளம் நின்னா எனக்குத் தெரியாதா சவமே? வெள்ளம்லே, வெள்ளம்!"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "இப்ப வள்ளமும் நின்னாச்சு. ரெண்டு பேரு சொன்னதும் சரியாச்சு. எஞ்சின் கரிஞ்சுதா, இல்லையா? அதைச் சொல்லு மக்களே."

அவர் குரலில் சிரிப்பு இருந்தது. காலைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. எஞ்சின் கரிந்திருந்தால் மத்தியானம் முட்டத்துக்காரருக்கு என்ன பதில் போகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கூட்டுக்காரன் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஏதோ ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "இதைப் பிடி. பழசு கிழிஞ்சிருந்தா மாத்தணும்."

கறுப்பு ரப்பரில் ஆறு இதழ் உள்ள ஒரு பூ. உள்ளங்கைக்குள் அடங்கியது.

"என்ன இது?"

"உனக்க ஆளாக்கும். எஞ்சினுக்குள்ள தீ எரியுதுலா? கீழ இருந்து கடல் வெள்ளத்தை வலிச்சு மேல ஏத்தி, அந்தத் தீயைச் சுத்திக் கொண்டு வாறது இந்தச் சவம்தான். வேலை நடக்குதுன்னு நமக்குக் காட்டியதுக்கு விலாவில ஒரு தாரை விடும். அது நின்னா உள்ள இரும்பு உருகிப் பிடிச்சுக்கும்."

நான் அந்தப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் சிரட்டையில் சொட்டுகிற அதே பாலின் ஜாதி. வாழ்நாள் முழுவதும் ரப்பரை விற்றவன், இந்தக் கடற்கரையின் அத்தனை வள்ளத்துக்குள்ளும் ஒரு ரப்பர் பூ சுழன்று கடலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அவன் எஞ்சினைத் தண்ணீரிலிருந்து சாய்த்துத் தூக்கினான். அடியில் வள்ளத்தைத் தள்ளுகிற விசிறியின் நடுவில் ஒரு பெரிய துளையிலிருந்து புகை மெல்லக் கசிந்தது.

"அங்கயும் புகையுதே!" என்று அலறினேன்.

"அதுதான் அதுக்க புகைக்குழல். புகை விசிறிக்க நடு வழியா வெள்ளத்துக்கு அடியில போவும். பாதிச் சத்தத்தைக் கடல் முழுங்கிரும்."

தீயைத் தணிப்பதும் கடல், புகையைக் குடிப்பதும் கடல், சத்தத்தை விழுங்குவதும் கடல். அந்த விசிறி தள்ளுவதும் அதே கடலைத்தான். பயந்திருக்க வேண்டிய நேரம். நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. குளச்சல் கடலில் கரையை ஒட்டிப் பாறைகள் உண்டு. அலை எங்களை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. "பாறை கிட்ட வருது" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக.

"பாறை இருந்த இடத்துலதான் இருக்கு தம்பி. நாமதான் போறோம்" என்றார் அண்ணன்.

கூட்டுக்காரன் எஞ்சினின் அடிக்காலில், தண்ணீர் உள்ளே போகும் சல்லடைக்குள் விரலை விட்டு எதையோ உரித்தான். மஞ்சள். வழுவழுப்பு. என்னைப் பார்த்தான். நான் பாறையைப் பார்த்தேன்.

எஞ்சினை இறக்கிக் கயிற்றைச் சுண்டினான். கிளம்பவில்லை. இரண்டாவது சுண்டல். அலை பாறையில் உடைந்து தெறித்து என் முகத்தில் உப்பாக விழுந்தது. மூன்றாவதில் உறுமியது. நான் விலாவையே பார்த்தேன். முதலில் ஆவி. பிறகு ஒரு துப்பல். பிறகு தாரை.

"வெள்ளம் வருது! வெள்ளம் வருது!" தாரையைக் கண்டு பயந்தவன் இப்போது அதற்காகக் கத்தினேன்.

பாறைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு வள்ள நீளம்தான் இருந்தது. கூட்டுக்காரன் கைப்பிடியைப் பிடிக்கப் பாய்ந்தான். "நான் பிடிக்கேன் அண்ணே!"

"கையை எடு."

அவ்வளவுதான் சொன்னார். வலது கையால் வேகத்தைக் கூட்டினார். குதிகால் இறங்கியது. கயிறு விறைத்தது. ஆணியும் அதைச் சுற்றி என் ஐந்தாவது புஷ்ஷும் நடுங்கின, பிசகவில்லை. துணியை ஊசிக்கு அடியில் திருப்புவதுபோல வள்ளம் பாறையின் ஓரமாகவே வளைந்தது. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளை என்னால் எண்ணியிருக்க முடியும், கண் திறந்திருந்தால். ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்த ஒரு கண்ணால் பார்த்தேன்: முன்பாதம், குதிகால், முன்பாதம். அவர் தன் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வெளிக்கடலுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். வலது கைக்கு வேலை இல்லாமல் போனதால் மடியிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"ஆங், நான்தான். வள்ளம் குடுக்கியதுக்கில்ல கேட்டியா. இல்ல, தோள் அப்படியேதான் இருக்கு. கால் கொள்ளாம், நல்லா ஓட்டுது."

ஃபோனை மடியில் வைத்துவிட்டுத் தூண்டிலை எடுத்தார்.

அண்ணன் இப்போதும் கடலுக்குப் போகிறார். வருடத்துக்கு ஒரு புஷ் நான்தான் வார்த்துக் கொடுக்கிறேன். அன்றைக்குக் கரையேறியதும், சல்லடையிலிருந்து உரித்ததைக் கூட்டுக்காரன் காட்ட, அவர் மனைவி அந்தப் பை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். காற்று பிடுங்கிவிட்டது என்று நான் சொன்னேன். மேலேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அன்று காற்றே இல்லை. வள்ளத்தில் ஓட்டையும் இல்லை. பையை நான்தான் கடலில் எறிந்தேன்.